கல்லாவுக்குப் பின்னால்

1921 ஜூனில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. இடம், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா நகரம். ஒரு துணிக்கூடாரத்துக்குள் மூன்று பேர்: பக் கோல்பர்ட் ஃபிராங்க்ளின் என்ற வழக்கறிஞர், அவருடைய கூட்டாளி ஸ்பியர்ஸ், அவர்களுடைய செயலாளர் எஃபி தாம்சன். அந்தக் கூடாரம்தான் அவர்களுடைய அலுவலகம். சுற்றியிருந்த தெருக்கள் எல்லாம் எரிந்து சாம்பலாகிச் சில நாள்தான் ஆகியிருந்தது. கூடாரம் போட்டு உட்கார்ந்து வழக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கறுப்பினத்தவர் நடத்தும் கடைகளை ஆதரிப்போம் என்ற பேச்சு, 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரை அமெரிக்கப் போலீஸ்காரர் ஒருவர் கொன்றதற்குப் பிறகு பலமாகக் கேட்கிறது. அதில் பெரும்பாலும் சொல்லப்படுவது, அங்கே போய் வாங்குங்கள் என்பதுதான். வாங்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கடைகளின் நூறு வருடக் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்டது வேறு. கல்லாவுக்கு முன்னால் நிற்கும் ஆளுக்கு அங்கே பெரிய பஞ்சம் வந்ததில்லை. கல்லாவுக்குப் பின்னால் இருக்க வேண்டிய கடன், இன்சூரன்ஸ், மொத்தச் சரக்கு, சொந்த மனை ஆகியவைதான் திரும்பத் திரும்பப் பறிபோயின.

டல்சாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே எண்ணெய் கிடைத்து ஊர் கொழித்த காலம். 1906-இல் ஓ. டபிள்யூ. கர்லி என்ற கறுப்பின வியாபாரி ரயில் பாதைக்கு வடக்கே 40 ஏக்கர் வாங்கி, கறுப்பின மக்களுக்கே மனை பிரித்து விற்றார். கிரீன்வுட் என்ற வட்டாரம் அப்படித்தான் உருவானது. வெள்ளையர் வீடுகளில் சமையலுக்கும் துணி துவைக்கவும் போனவர்கள், கார் ஓட்டியவர்கள், வாரக் கூலியை அந்தப் பக்கக் கடைகளில் செலவழிக்க முடியாது; உள்ளே விட மாட்டார்கள். பணம் பாதையைத் தாண்டி கிரீன்வுட்டுக்கு வந்தது. ஸ்டிராட்ஃபோர்டு கட்டிய ஓட்டலில் 54 அறைகள். லூலா வில்லியம்ஸ் நடத்திய டிரீம்லேண்ட் தியேட்டரில் 750 பேர் உட்காரலாம். மளிகை, மருந்துக்கடை, டாக்டர், தையல்காரர், பத்திரிகை, எல்லாம் அங்கேயே.

1921 மே 31-ம் ஜூன் 1-ம் கிரீன்வுட்டின் 35 வீதிக்கட்டங்களை வெள்ளையர் கும்பல் எரித்தது. லிஃப்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்தான் என்று ஷூ பாலிஷ் போடும் 19 வயது இளைஞன்மேல் எழுந்த குற்றச்சாட்டு அதற்குச் சாக்கு. எரிந்த வீடுகள் மட்டும் 1,200-க்கு மேல். இறந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு.

பொதுவாக இந்தக் கதையைத் தீயோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கூடாரம் முக்கியம். தீ அணைந்த ஒரே வாரத்தில் நகர நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது: இனி கிரீன்வுட்டில் கட்டடம் கட்டுவதானால் தீப்பிடிக்காத பொருளில்தான் கட்ட வேண்டும். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். கையில் காசில்லாமல் நிற்பவனிடம் அதைச் சொன்னால், மனையை விற்றுவிட்டுப் போ என்று அர்த்தம். ஃபிராங்க்ளின் அந்த விதியை எதிர்த்து நீதிமன்றம் போனார், ஜெயித்தார். மக்கள் திரும்பக் கட்டினார்கள்.

ஆனால் இன்சூரன்ஸ் பணம் வரவில்லை. பாலிசியில் கலவரத்தால் வந்த நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருந்தது. 18 லட்சம் டாலர் அளவுக்கு மக்கள் கோரியிருந்தார்கள். அங்கே கட்டடம் வைத்திருந்த ரெட்ஃபியர்ன் என்ற வெள்ளைக்காரர் போட்ட வழக்கு ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் வரை போய், 1926-இல் அந்த ஒரு வரியைக் காட்டியே தள்ளுபடி ஆனது. மற்றவர்களின் நம்பிக்கையும் அதோடு முடிந்தது. வருடக்கணக்கில் தவறாமல் பிரீமியம் கட்டியவர்கள் இவர்கள்.

அப்படியும் எழுந்தார்கள். டிரீம்லேண்ட் மறுபடி திறந்தது. 1925-இல் கறுப்பின வியாபாரிகளின் தேசிய மாநாடு டல்சாவிலேயே நடந்தது. 1940-களின் தொடக்கத்தில் கிரீன்வுட்டில் 200-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன, எரிவதற்கு முன்பைவிட நன்றாகவே. அதை அழித்தது கடைசியில் தீ இல்லை, நெடுஞ்சாலை. நகரச் சீரமைப்பு என்ற பெயரில் மனைகள் கையகப்படுத்தப்பட்டன. 1960-களின் கடைசியில் தொடங்கி, ஊருக்கு நடுவே தூண் எழுப்பிச் சாலை போட்டார்கள். வட கரோலினாவின் டர்ஹம், நியூ ஆர்லியன்ஸின் கிளைபோர்ன் அவென்யூ, அட்லாண்டாவின் ஆபர்ன் அவென்யூ என்று கறுப்பினத்தவர் கடைவீதிகள் பலவற்றின் குறுக்கே இப்படித்தான் சாலை போனது.

இன்னொரு ஊர், இன்னொரு மனுஷி. வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்மண்ட். மேகி லீனா வாக்கரின் அம்மா அடிமையாக இருந்து விடுபட்டவர், துணி வெளுத்துப் பிழைத்தவர். அந்த அழுக்குத்துணிக் கூடைகளைச் சிறுமியாக இருந்தபோது வீடு வீடாகச் சுமந்தவர் மேகி. வளர்ந்த பிறகு செயின்ட் லூக் என்ற பரஸ்பர உதவிச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள், நோய் வந்தால், சாவு விழுந்தால் சங்கம் பார்த்துக்கொள்ளும். அந்தச் சந்தாப் பணம் எல்லாம் வெள்ளையர் வங்கியில் போய் உட்கார்ந்துகொண்டு இருப்பதையும், அதே வங்கி நம்மவருக்குக் கடன் தராததையும் பார்த்தார். நிக்கல் என்ற ஐந்து சென்ட் காசுகளை வாங்கி டாலர்களாக மாற்றும் வங்கி ஒன்று நமக்கு வேண்டும் என்று 1901-இல் பேசினார்.

1903 நவம்பரில் செயின்ட் லூக் பென்னி சேவிங்ஸ் வங்கி திறந்தது. முதல் நாளே ஏறத்தாழ 280 பேர் வந்தார்கள். நூறு டாலருக்கு மேல் போட்டவர்கள் உண்டு. ஒருவர் கொண்டுவந்தது 31 சென்ட். அந்த 31 சென்ட்டையும் வாங்கி, பாஸ்புக்கில் பெயர் எழுதிக் கொடுத்த வங்கி அது. முப்பது வருடம் முன்பு, 1874-இல், விடுதலை பெற்ற அடிமைகளுக்கென்றே நாடாளுமன்றம் ஏற்படுத்திய ஃப்ரீட்மன்ஸ் வங்கி மூழ்கி, 61,000 பேரின் கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் சேமிப்பு சிக்கிப்போயிருந்தது. அந்த நினைவு ஆறாத ஜனங்கள் மறுபடி ஒரு வங்கியை நம்பி வரிசையில் நின்றார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. அந்த வங்கிக் கடனில் ரிச்மண்டில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சொந்த வீடு வாங்கின.

வங்கி நிலைத்தது, மேகியின் கடை நிலைக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. 1905-இல் பிராட் தெருவில் செயின்ட் லூக் எம்போரியம் என்ற பல்பொருள் கடையைத் திறந்தார். விற்பனைக்குக் கறுப்பினப் பெண்கள், ஜன்னலில் கறுப்பு நிற உருவப் பொம்மைகள். தெருவின் வெள்ளை வியாபாரிகள் திறக்கும் முன்பே பணம் தருகிறோம், விட்டுவிடு என்றார்கள். அவர் மறுத்ததும் சங்கம் சேர்ந்து, இந்தக் கடைக்குச் சரக்கு கொடுத்தால் எங்களுக்கு வேண்டாம் என்று மொத்த வியாபாரிகளை மிரட்டினார்கள். சரக்கு குறைந்த கடைக்கு ஆள் வருவதும் குறைந்தது. வெள்ளையர் கடையில் வாங்குவது நம்மைத் தின்னும் சிங்கத்துக்கு நாமே தீனி போடுவது என்று மேகி தன் மக்களிடம் மன்றாடினார். ஏழு வருடம்கூட முழுதாக ஓடாமல் கடை மூடியது. சரி, ஜனங்கள் ஏன் போகவில்லை? அலமாரியில் பாதிச் சரக்கும் எதிர்க்கடையைவிடக் கூடுதல் விலையும் இருந்தால், கூலி வேலைக்காரன் எத்தனை நாள் கொள்கைக்காக வாங்குவான்? அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையை வெட்டியது மொத்த விலைக் கிடங்கில்.

இந்த மொத்தச் சரக்கு விஷயம் இன்றைக்கும் நம் ஊர் வரை நீள்கிறது. பழனியிலும் திருப்பதியிலும் மொட்டை போடும்போது விழும் முடி ஏலம் போய், ஏற்றுமதியாகிறது. அதில் ஒரு பங்கு விக் ஆகவும் சவுரி ஆகவும் மாறி அமெரிக்காவின் கறுப்பினப் பகுதிகளில் இருக்கும் அழகுசாதனக் கடைகளுக்குப் போய்ச் சேர்கிறது. வாங்குபவர்கள் கறுப்பினப் பெண்கள். கடைகளோ பெரும்பாலும் கொரியக் குடும்பங்களுடையவை. 1960-களில் தென்கொரியா விக் ஏற்றுமதியில் கொடிகட்டிப் பறந்தது. குடியேறியவர்கள் தாய்மொழியிலேயே சரக்கு எடுத்து, உறவுக்குள்ளேயே கடன் வாங்கிக் கடை போட்டார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல இதில் எதுவும் இல்லை. ஆனால் கறுப்பினப் பெண் ஒருத்தி அதே கடையைத் திறக்க நினைத்தால், மொத்த வியாபாரிகள் கணக்குத் தொடங்கவே மறுக்கிறார்கள் என்ற புகார் நீண்ட காலமாக உண்டு.

இத்தனைக்கும் இந்தத் தொழிலை உண்டாக்கியதே கறுப்பினப் பெண்கள்தான். அன்னி மலோனும் மேடம் சி. ஜே. வாக்கரும் நூறு வருடம் முன்பே தலைமுடிப் பொருட்கள் தயாரித்து, ஆயிரக்கணக்கான பெண்களை விற்பனை முகவர்களாக்கினார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் கைப்பெட்டி தூக்கித் தங்கள் சொந்தச் சம்பாத்தியம் பார்த்தார்கள். பிறகு சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் 1954-இல் தொடங்கிய நிறுவனம் 1971-இல் அமெரிக்கப் பங்குச்சந்தைக்குப் போனது. அப்படிப் போன முதல் கறுப்பின நிறுவனங்களில் ஒன்று. முடியை நேராக்கும் பொருளில் இருக்கும் கார ரசாயனத்தைப் பற்றி எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று 1970-களின் நடுவில் அரசு அவர் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தியது. அதே காரத்தை விற்ற பெரிய போட்டி நிறுவனம் ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்துத்தான் ஒட்டியது. எச்சரிக்கை ஒட்டியது சரி. ஒருவருக்கு மட்டும் ஒட்டியது சரியில்லை. அந்த இடைவெளியில் போன வாடிக்கையாளர்கள் திரும்பி வரவில்லை.

டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸுக்கு வருவோம். 1968 ஏப்ரல் 3 இரவு, மார்ட்டின் லூதர் கிங் துப்புரவுத் தொழிலாளர் போராட்டத்துக்காகப் பேசிய பேச்சு அது. மலையுச்சியைப் பார்த்துவிட்டேன் என்ற கடைசி வரிகளை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்கு முன் அவர் பேசியதில் பணக்கணக்கும் இருந்தது. எந்த ரொட்டி, எந்தப் பால், எந்தக் குளிர்பானம் வாங்கக் கூடாது என்று பெயர் சொன்னார். அப்புறம், டவுனில் இருக்கும் வங்கிகளிலிருந்து பணத்தை எடுத்து ட்ரை-ஸ்டேட் வங்கியில் போடுங்கள் என்றார். அது 1946-இல் கறுப்பினத்தவர் தொடங்கிய வங்கி. இன்சூரன்ஸையும் நம்மவர் நிறுவனங்களில் எடுங்கள் என்றார். கடையில் வாங்குவதைத் தாண்டி வங்கியும் இன்சூரன்ஸும் வரை அவர் போனதை நான் கவனிக்கச் சொல்கிறேன். மேகி வாக்கரின் அதே வழி.

மறுநாள் மாலை அவர் சுடப்பட்ட லொரெய்ன் மோட்டலும் ஒரு கறுப்பினத் தம்பதியின் தொழில்தான். வால்டர் பெய்லி அதை 1945-இல் வாங்கி, மனைவி லொரீ பெயரைச் சேர்த்துப் பெயர் வைத்தார். கறுப்பினப் பயணிகள் எந்த ஊரில் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று நியூயார்க்கின் ஹார்லெமில் வசித்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் வெளியிட்டுவந்த வழிகாட்டியில் அதன் பெயர் இருந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்ட அன்றே லொரீ பெய்லிக்குப் பக்கவாதம் தாக்கியது. கிங்கின் இறுதிச் சடங்கு நடந்த ஏப்ரல் 9 அன்று அவரும் இறந்தார். வால்டர் அதன்பின் 14 வருடம் அந்த மோட்டலைக் கட்டி இழுத்தார். 1982-இல் கடனுக்காக அது ஏலத்துக்கு வந்தது. ஊர்க்காரர்கள் வசூல் செய்து 1,44,000 டாலருக்கு எடுத்தார்கள். 1991-இல் அது சிவில் உரிமை அருங்காட்சியகம் ஆனது.

அந்த மோட்டல் தளர்ந்ததில் எல்லோருக்கும் தர்மசங்கடமான ஓர் உண்மை இருக்கிறது. 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு எந்த ஓட்டலும் கறுப்பினத்தவரைத் திருப்பி அனுப்ப முடியாது. போராடி வாங்கிய உரிமை அது, போனார்கள், போகத்தான் வேண்டும். ஆனால் வெள்ளைப் பயணிகள் லொரெய்னுக்கு வரத் தொடங்கவில்லை. சுவர் இடிந்தபோது பணம் ஒரு பக்கமாகத்தான் ஓடியது. வேறு போக்கிடம் இல்லாததால் வந்துகொண்டிருந்த கூட்டத்தை இழந்த கடைகளுக்கு, புதுப்பித்துப் போட்டியிடக் கடன் தேவைப்பட்டது. அந்தக் கடன்தான் கிடைக்கவில்லை. 1930-களிலேயே அரசு வரைபடத்தில் இந்தப் பகுதிகளைச் சிவப்பு மையால் குறித்து, இங்கே கடன் ஆபத்து என்று எழுதிவைத்திருந்தார்கள்.

அதன் பலன் இன்றைய எண்களில் இருக்கிறது. அமெரிக்க மக்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 14 சதவீதம். சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் தொழில்களில் அவர்களுடையவை 2022 கணக்கில் சுமார் 1,95,000, அதாவது 3 சதவீதம் சொச்சம். அவர்களுடைய மற்றத் தொழில்கள் சம்பள ஆள் இல்லாதவை. அதே வருடம், நடுத்தர வெள்ளைக் குடும்பத்தின் சொத்து மதிப்பு 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900. கடை போட முதல் எங்கிருந்து வரும்? வீட்டை அடமானம் வைத்து, அப்பாவிடம் கேட்டு, மாமனாரிடம் கேட்டு. வீடே இல்லை, அப்பாவிடமும் இல்லை என்றால் கிரெடிட் கார்டுதான்.

கொரோனா காலம் இதைத் துல்லியமாகக் காட்டியது. 2020 ஏப்ரலில் சிறுதொழில்களைக் காக்க அரசு அறிவித்த 34,900 கோடி டாலர் இரண்டு வாரத்துக்குள் தீர்ந்தது. வங்கி வழியாகத்தான் விண்ணப்பம்; வங்கிகள் ஏற்கெனவே கடன் கணக்கு வைத்திருந்தவர்களை முதலில் கவனித்தன. மேனேஜரை நேரில் தெரிந்தவனுக்கு வேலை முடிந்தது. பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் தொழிலில் இருந்த கறுப்பின உரிமையாளர்களின் எண்ணிக்கை 41 சதவீதம் சரிந்தது என்று பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஃபேர்லி கணக்கிட்டார். வெள்ளையரிடம் அந்தச் சரிவு 17 சதவீதம்.

ஒரு டாலர் கறுப்பினப் பகுதிக்குள் ஆறு மணி நேரம்தான் தங்குகிறது என்று ஒரு வாக்கியம் ஊரெல்லாம் சுற்றுகிறது. அதற்கு உறுதியான ஆய்வு எதுவும் கிடையாது, தயவுசெய்து பகிராதீர்கள். மேலே சொன்ன எண்களே போதும்.

2020 கோடையில் ஆதரவு வெள்ளமாக வந்தது. கூகுள் வரைபடத்தில் கறுப்பினத்தவர் கடை என்று குறிக்கும் வசதி வந்தது. அலமாரியில் 15 சதவீதம் கறுப்பின நிறுவனப் பொருட்களுக்கு ஒதுக்குங்கள் என்று அரோரா ஜேம்ஸ் பெரிய கடைகளைக் கேட்டார், சில ஒப்புக்கொண்டன. டார்கெட் என்ற பெரிய கடைச் சங்கிலி, 2025 முடிவதற்குள் கறுப்பின நிறுவனங்களோடு 200 கோடி டாலர் செலவிடுவோம் என்றது. 2025 ஜனவரியில் தன் பன்முகத்தன்மை இலக்குகளைக் கைவிட்டது. அட்லாண்டா போதகர் ஜமால் பிரையண்ட் நோன்புக் காலத்தில் 40 நாள் டார்கெட்டுக்குப் போகாதீர்கள் என்று அழைத்தார், கூட்டம் கூட்டமாக மக்கள் கேட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள், அந்த அலமாரியை நம்பிச் சரக்கு தயாரித்து வைத்திருந்த சிறு கறுப்பின நிறுவனங்கள். புறக்கணித்தால் அவர்கள் பொருளும் தேங்கும். என் கருத்து, புறக்கணிப்பு நியாயம்தான். அதோடு அந்தப் பொருளை நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் வாங்கிவிட வேண்டும். அப்படிச் செய்தவர்களும் நிறையப் பேர்.

பெரிய வாங்குபவர் அரசு. 1974-இல் அட்லாண்டா மேயரான மேனார்டு ஜாக்சன், விமான நிலைய விரிவாக்க வேலையில் சிறுபான்மையினருக்குக் கால் பங்கு கொடுக்காவிட்டால் வேலையே தொடங்காது என்று நின்றார். ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தது 25 சதவீதத்தை நெருங்கியது, 1980-இல் முனையமும் திறந்தது. ரிச்மண்ட் இதைப் பின்பற்றியது. பாதி மக்கள் கறுப்பினத்தவராக இருந்த அந்த ஊரில், நகராட்சி ஒப்பந்தத்தில் சிறுபான்மையினருக்குக் கிடைத்தது 0.67 சதவீதம். அதை மாற்றப் போட்ட 30 சதவீத விதியை 1989-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சமீபத்தில் அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற நிதியம் கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் உதவித்தொகை கொடுத்துவந்தது. விடுதலை பெற்ற அடிமைகள் வெள்ளையரைப் போலவே ஒப்பந்தம் செய்துகொள்ள உரிமை தந்த 1866 சட்டத்தையே காட்டி அதன்மேல் வழக்குப் போட்டார்கள். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது, செப்டம்பரில் சமரசமாகி அந்தத் திட்டம் மூடப்பட்டது. எனக்கு இந்தத் தீர்ப்பு மனதை வலிக்கச் செய்தது.

ஆனால் அந்த யோசனை கடல் தாண்டியிருக்கிறது. 2002-இல் போபாலில் கூடிய தலித் அறிஞர்கள், அமெரிக்காவில் கறுப்பின நிறுவனங்களிடம் வாங்கும் ஏற்பாட்டை எடுத்துக்காட்டி, அரசு கொள்முதலில் பங்கு கேட்டார்கள். 2012 கொள்முதல் ஆணையில் மத்திய அரசு நிறுவனங்கள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் சிறுதொழில்களிடம் 4 சதவீதம் வாங்க வேண்டும் என்று வந்தது.

அமெரிக்காவில் வசிக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் கறுப்பினப் பகுதிக்குப் பத்து நிமிடத் தொலைவில்தான் இருக்கிறார்கள். நம்மை அங்கே வரவிட்ட 1965 குடியேற்றச் சட்டம் சிவில் உரிமைப் போராட்டத்தின் சூட்டில் பிறந்தது. பொங்கல் விழாவுக்கோ பள்ளி ஆண்டுவிழாவுக்கோ சாப்பாடு, நாற்காலி, ஒலிபெருக்கி ஏற்பாடு செய்யும்போது அந்தப் பக்கத்துத் தொழில்காரரிடம் விலை கேளுங்கள். பேரம் பேசி அடிக்காதீர்கள். பில் வந்த அன்றே பணம் கொடுங்கள். சிறு வியாபாரியைக் கொல்வது 60 நாள், 90 நாள் கழித்து வரும் காசோலைதான். கறுப்பினத்தவர் வங்கியில் ஒரு கணக்குத் தொடங்கலாம், 2,50,000 டாலர் வரை மற்ற வங்கியைப் போலவே அரசு காப்பீடு உண்டு. 2016-இல் அட்லாண்டாவின் சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கியில் சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் அப்படிக் கணக்குத் தொடங்கினார்கள். நகராட்சிக் கூட்டத்தில் சாலை விரிவாக்கம், கடை வாடகை பற்றிப் பேச்சு வந்தால் போய் உட்காருங்கள். டர்ஹமின் கடைவீதியையும் கிரீன்வுட்டையும் அழித்த தீர்மானங்கள் அப்படிப்பட்ட அறைகளில்தான் நிறைவேறின.

டல்சாவில் உயிரோடிருந்த கடைசிச் சாட்சிகள் தொடுத்த இழப்பீட்டு வழக்கையும் மாநில உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தள்ளியது. மறு வருடம் ஜூன் 1 அன்று, நகரின் முதல் கறுப்பின மேயர் மன்ரோ நிக்கோல்ஸ், வீட்டுவசதிக்கும் வட்டாரச் சீரமைப்புக்கும் நிலத்துக்கும் கல்விக்குமாக 10.5 கோடி டாலர் அறக்கட்டளை ஒன்றை அறிவித்தார். தனியார் நன்கொடையில் திரட்ட வேண்டிய பணம் அது.

கிரீன்வுட் தெருவில் இன்று நடந்தால், தலைக்கு மேல் நெடுஞ்சாலை இரைந்துகொண்டிருக்கும். கீழே நடைபாதையில் சின்னச் சின்ன உலோகத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் 1921-இல் இருந்த கடையின் பெயர். அடியில் ஒரு வரி. சிலவற்றில், மீண்டும் திறந்தது. சிலவற்றில், மீண்டும் திறக்கவில்லை.